பிளிங்க், விங்க், பேட்: கண்ணை வைத்து வரும் ஆங்கில வினைச்சொற்களைப் பிரித்துப் பழகுவது எப்படி?

ஆங்கிலம்-தமிழ் அகராதியில் 'பிளிங்க்' என்று தேடினால் பெரும்பாலும் 'கண் சிமிட்டு' என்று வரும். 'விங்க்' என்று தேடிப் பாருங்கள், அங்கேயும் அதேதான். ஒன்று தும்மல் மாதிரி தானாக வருவது, இன்னொன்று வேண்டுமென்றே செய்வது. இரண்டையும் ஒரே பொருளில் மனப்பாடம் செய்துவிட்டால் அப்புறம் பிரிப்பது கஷ்டம். ஆகவே தொடக்கத்திலேயே பிரித்துப் பழக ஒரு வழி சொல்கிறேன்.

படி 1: அகராதியை மாற்றுங்கள்

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். என் ஓட்டு லாங்மேனுக்கு. சுமார் 2,000 எளிய சொற்களை வைத்துக்கொண்டே எல்லாச் சொற்களுக்கும் விளக்கம் தருவார்கள், அதனால் ஒரு விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேவைப்படாது. கேம்பிரிட்ஜும் நல்லதுதான். தெசாரஸ் (ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்துத் தரும் நூல்) பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள். பிளிங்க் என்று கேட்டால் விங்க், ஃப்ளிக்கர், ஸ்க்வின்ட் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொட்டிவிடும். எதை எங்கே போடுவது என்று சொல்லாது.

படி 2: மூன்று கேள்விகள் கேளுங்கள்

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா? தானாக நடப்பதா, வேண்டுமென்று செய்வதா? எதிரில் இருப்பவருக்கு அதில் சேதி ஏதும் உண்டா?

பிளிங்க் என்றால் இரண்டு கண்ணும், பெரும்பாலும் தானாக, சேதி எதுவும் இல்லாமல். நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 20 முறை நாம் இமைக்கிறோம். திரையை வெறித்துப் பார்க்கும்போது அது குறைந்துவிடும், கண் உலர்ந்து எரிவது அதனால்தான். 'அடிக்கடி பிளிங்க் பண்ணுங்கள்' என்று கண் மருத்துவர் சொல்வதும் இதைத்தான். அந்த இடத்தில் விங்க் என்று போட்டால் டாக்டர் உங்களைக் கண்ணடிக்கச் சொல்கிறார் என்று ஆகிவிடும்.

விங்க் ஒரு கண், வேண்டுமென்றே, சேதியோடு. தமிழில் கண்ணடிப்பது. பேட் (bat) என்பது இமை மயிரைப் படபடவென்று அடித்துக் கொஞ்சுவது; ஃப்ளட்டரும் ஏறக்குறைய அதேதான், கொஞ்சம் மென்மை. ட்விட்ச் என்றால் கண் துடிப்பது, அது நம் கையில் இல்லை. ஸ்க்வின்ட் என்றால் வெளிச்சம் கூசும்போது கண்ணை இடுக்கிப் பார்ப்பது. மருத்துவத்தில் அதே சொல் மாறுகண்ணையும் குறிக்கும், கவனம்.

படி 3: 'அட்' (at) வரும் இடத்தில் நில்லுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

வேலையை விட்டுவிட்டேன் என்று ஒரு நண்பரிடம் சொல்கிறீர்கள். 'ஹி விங்க்ட் அட் மீ' என்றால் அவர் கண்ணடித்தார்: விஷயம் தெரியும், வெளியே சொல்லமாட்டேன் என்று அர்த்தம். 'ஹி பிளிங்க்ட் அட் மீ' என்றால்? அகராதியை நம்பி 'என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்' என்று எழுதினால் கதையே மாறிவிடும். அவர் மலங்க மலங்க விழித்தார் என்பதுதான் சரி. கேட்டது காதில் விழுந்துவிட்டது, மண்டையில் இன்னும் ஏறவில்லை. வாய் திறப்பதற்குள் இமை இரண்டு தடவை கொட்டுகிறதே, அந்த நிலை.

இது ஆளைப் பார்த்து. 'அட்'டுக்குப் பிறகு ஆளுக்குப் பதில் ஒரு விஷயம் வந்தால் மறுபடி மாறும். அதிகாரி விதிமீறலைப் பார்த்து 'விங்க்ட் அட் இட்' என்றால் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். விலையைக் கேட்டு 'டிடின்ட் பிளிங்க் அட் இட்' என்றால் அசரவே இல்லை. இந்தப் பிளிங்க் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மேலே ஆள், விஷயம். பக்கத்தில் பிளிங்க், விங்க். மலங்க விழித்தல், அசராமல் இருத்தல் (எதிர்மறையில்), கண்ணடித்தல், கண்டும் காணாமல் விடுதல். இந்தக் கட்டம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

படி 4: கண்ணை விட்டு வெளியே வாருங்கள்

விளக்கும் கர்சரும்கூட பிளிங்க் ஆகும். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் பழகியவர்கள் முதலில் ஓட்டும் நிரலுக்கே பிளிங்க் என்றுதான் பெயர்: சின்ன எல்இடி விளக்கு ஒரு நொடி எரியும், ஒரு நொடி அணையும். ஒரே சீராக எரிந்து அணைந்தால் பிளிங்க். போகப்போகிற ட்யூப்லைட் தாறுமாறாகத் துடித்தால் ஃப்ளிக்கர். நட்சத்திரத்துக்கு ட்விங்கிள்.

(பழைய நெட்ஸ்கேப் உலாவியில் எழுத்துகளை மின்னி மின்னி மறைய வைக்க 'பிளிங்க்' என்றே ஒரு டேக் (பக்கம் எழுதும்போது போடும் குறி) இருந்தது. அப்போதைய இணையப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை. ஃபயர்ஃபாக்ஸ் 2013-இல் அதைக் கைவிட்டது, நல்ல காரியம்.)

செய்தித் தலைப்புகளில் இன்னொரு பிளிங்க் வரும். அக்டோபர் 1962, கியூபா ஏவுகணை நெருக்கடி. சோவியத் கப்பல்கள் பின்வாங்குகின்றன என்று தெரிந்ததும் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க், இருவரும் கண்ணுக்குக் கண் முறைத்துக்கொண்டு நிற்கிறோம், எதிராளி இமைத்துவிட்டார் என்று நினைக்கிறேன் என்கிற மாதிரி சொன்னார். இங்கே பிளிங்க் என்றால் இறங்கிவருவது. பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம் பற்றிய செய்தியில் 'யார் முதலில் பிளிங்க் ஆவார்' என்று பார்த்தால் இதுதான்.

படி 5: சில தொடர்களை அப்படியே விழுங்குங்கள்

இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. 'இன் தி பிளிங்க் ஆஃப் அன் ஐ' கண் இமைக்கும் நேரத்தில்; இது நமக்குச் சுலபம், இலக்கணத்தில் மாத்திரைக்கு அளவே கண் இமைக்கும் நேரம்தானே. 'பிளிங்க் பேக் டியர்ஸ்' வருகிற கண்ணீரை அடக்குவது. 'ஆன் தி பிளிங்க்' என்றால் மெஷின் மக்கர் பண்ணுகிறது. 'ஃபார்ட்டி விங்க்ஸ்' குட்டித் தூக்கம். 'டிடின்ட் பேட் அன் ஐலிட்' துளியும் அசரவில்லை. அமெரிக்கர்கள் ஐலிட் என்பதற்குப் பதில் ஐ என்பார்கள்.

படி 6: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

இப்போது தெசாரஸைத் திறக்கலாம். ஒரு வாக்கியத்தில் பிளிங்கை எடுத்துவிட்டு அது தரும் சொல்லைப் போடுங்கள். படி 2-இன் மூன்று கேள்விகளுக்கும் பதில் மாறாமல் இருந்தால் அந்தச் சொல் அங்கே நிற்கும். ஒன்று மாறினாலும் விட்டுவிடுங்கள். உச்சரிப்புக்கு யூக்ளிஷ் தளம் போதும், பலர் பேசும் வீடியோக்களில் அந்தச் சொல் வரும் இடத்தைத் தேடிக் காட்டும். பிளிங்க்ட் என்பதன் கடைசி ஒலி 'ட்' மட்டும். பிளிங்கெட் என்று இழுக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: 'பிளிங்கர்' பற்றிக் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் அது வண்டியின் இண்டிகேட்டர். பிரிட்டனில் 'பிளிங்கர்ஸ்' என்றால் குதிரை பக்கவாட்டில் பார்க்காமலிருக்கக் கட்டும் கண்பட்டை. அமெரிக்கர்கள் அதை பெரும்பாலும் பிளைண்டர்ஸ் என்பார்கள். 'பிளிங்கர்ட்' என்று ஒருவரைச் சொன்னால் குறுகிய பார்வைக்காரர். அப்புறம், பிரிட்டிஷ்காரர் ஒருவர் 'திஸ் பிளிங்கிங் கம்ப்யூட்டர்' என்றால் திரை மின்னுகிறதா என்று பார்க்காதீர்கள். 'இந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர்' என்று திட்டுகிறார், அவ்வளவுதான்.