அரசியலை நம்பாதவர் சின்னக் கட்சியில் சேர்வது எப்படி

அரசியல்வாதிகள் மேல் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஆறு வருடமாக ஒரு சின்னக் கட்சியில் இருக்கிறேன். உள்ளே வந்தபின் அந்த அவநம்பிக்கைக்குத்தான் வேலை அதிகம்.

சேர்வதற்கு முன் இரண்டு மூன்று கூட்டங்களுக்குச் சும்மா போய் உட்காருங்கள். மேடைப் பேச்சை வைத்து எடை போட வேண்டாம். கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை யார் அடுக்குகிறார்கள், யார் கேட்டால் தலைவர் பேச்சை மாற்றுகிறார் என்று பாருங்கள். அப்புறம் கட்சியின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது யார், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, கணக்கைத் தணிக்கை செய்வது யார், நீக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம்? கடைசிக் கேள்விக்கு அதில் பதில் இல்லையென்றால் நான் சேர மாட்டேன்.

ஜனநாயகம் பேசும் கட்சியும் நாளடைவில் ஒரு சிலர் கைக்குள் போய்விடும் என்று 1911-லேயே எழுதினார் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மிஷெல்ஸ். அவரே கட்சியில் இருந்து பார்த்தவர். ஜெர்மனியின் பசுமைக் கட்சி 1983-ல் 5.6 சதவீத வாக்கோடு முதல்முறை நாடாளுமன்றம் போனபோது, பாதிப் பதவிக்காலத்தில் எம்.பி.க்கள் இடத்தை அடுத்தவருக்கு விட வேண்டும் என்று வைத்திருந்தது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. ஆனால் சந்தேகத்தையே விதியாக எழுதி வைக்கலாம் என்று நான் தெரிந்துகொண்டது அதில்தான்.

சேர்ந்தபின் பதவி கேட்காதீர்கள், கணக்கு நோட்டைக் கேளுங்கள். எங்கள் கிளையில் ஒரு மாதம் 'இதர செலவு' என்ற வரிதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. என்ன அது என்று கேட்டேன். பொருளாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு பழைய உறை நிறைய ரசீதுகளோடு வந்தார். எல்லாம் ஒலிபெருக்கி வாடகை. அன்றிலிருந்து கணக்கை உரக்கப் படித்துவிட்டுத்தான் கூட்டமே தொடங்குகிறது. பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் கேட்டாலே போதும்.

நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். எனக்கு மாதம் இரண்டு மாலை. எது நடந்தால் விலகுவீர்கள் என்பதையும் இப்போதே எழுதி, கட்சிக்கு வெளியே ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.

தேர்தலில் பெரும்பாலும் தோற்பீர்கள். தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவருக்கே வெற்றி என்ற முறை போட்டியை இரண்டு பெரிய கட்சிகளுக்குள் தள்ளிவிடும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே 1950-களிலேயே விளக்கிவிட்டார். அதனால் ஜெயித்தோமா என்று பார்க்காமல், நாம் கேட்டதைப் பெரிய கட்சி ஏதாவது தன் அறிக்கையில் எடுத்துக்கொண்டதா என்று பாருங்கள். முதல் தேர்தலில் எங்கள் சாவடியில் 19 வாக்கு. அடுத்த வாரமே, வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனபோது வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு அதே தெருக்களுக்குப் போனோம், குடிநீர்க் குழாய் மனுவுக்குக் கையெழுத்து வாங்க.