பிள்ளைத்தாய்ச்சி வீட்டு ஃபிரிட்ஜ்: லிஸ்டீரியாவைத் தடுக்க ஒரு செய்முறை

ஏழாம் மாதத்தில் மகள் காரைக்குடிக்கு வந்து இறங்கிய அன்று இரவு, அவளுடைய மருத்துவச் சீட்டை எடுத்துப் படித்தேன். இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன் தேதி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: "உணவில் கவனம், லிஸ்டீரியா." அவ்வளவுதான். எந்த உணவில், எப்படிக் கவனம் என்று ஒரு சொல்லும் இல்லை. அதன் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எங்கள் அடுப்படியில் வரிசையாகச் செய்துபார்த்தேன். முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துப் போடும் தாய்மாருக்கும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம். முழுப் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். மண்ணில், தண்ணீரில், ஆடு மாடுகளின் சாணத்தில் இருப்பது. பெரும்பாலான கிருமிகள் குளிரில் ஏறக்குறைய ஒடுங்கிப்போகும். இது ஒடுங்குவதில்லை. 4 டிகிரி செல்சியஸிலும் மெதுவாகப் பெருகும். ஃப்ரீசரில் வைத்தால் பெருகாது, ஆனால் சாகாது. நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். அடிக்கடி வருகிற நோய் இல்லை. ஆனால் மற்றப் பெரியவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 மடங்கு. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம். கிருமி நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போனால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறத்தல், பிறந்த சிசுவுக்குக் கடுமையான தொற்று என்று எதுவும் நேரலாம்.

"நான் ஆறு பெற்றேன், எனக்கு எந்த லிஸ்டீரியாவும் வரவில்லை" என்று அப்பத்தா சொன்னார்கள். என் மாமியார்; வீட்டில் எல்லோருக்கும் அப்பத்தாதான். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அவர்கள் பிள்ளை பெற்ற காலத்தில் வளவு வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. காலையில் ஆக்கியது மதியம் முடிந்துவிடும், மீந்தது கழனிப் பானை வழியாக மாட்டுக்குப் போய்விடும். மூன்று நாள் குழம்பு என்ற பேச்சே இல்லை. மறு பாதியை நான் அவர்களிடம் சொல்லவில்லை: அந்தக் காலத்தில் கலைந்துபோன கருக்களுக்கு யாரும் காரணம் தேடவில்லை.

படி 1: ஃபிரிட்ஜின் சூட்டை அளந்துபாருங்கள்

கைவைத்துப் பார்த்து "ஜில்லென்று இருக்கிறது" என்பது கணக்கில் வராது. ஃபிரிட்ஜில் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க விட்டு, காலையில் கதவைத் திறந்த கையோடு பாருங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18.

எங்கள் வீட்டில் 9 காட்டியது. பத்து வருடமாக நம்பிய பெட்டி. குளிர்த் திருகியைக் கூட்டி வைத்தேன். காற்றுப் போக வழியில்லாமல் அடைத்திருந்த ஊறுகாய் பாட்டில்களையும் புளிப் பானையையும் வெளியே எடுத்தேன். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது, ரப்பரை மாற்றினோம். மறுநாள் 4-க்கு வந்தது. நீங்கள் எதையாவது மாற்றினாலும் ஒரு நாள் கழித்துத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் 4 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் பால், கறி, சமைத்த பண்டங்களைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

படி 2: காலிசெய்து கழுவுங்கள்

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தட்டுகளைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். காய்கறிப் பெட்டியின் அடியிலும் ரப்பரின் மடிப்பிலும்தான் அழுக்கு தங்கும். ஏதாவது சிந்தினால் அப்போதே துடைத்துவிட வேண்டும்.

திருப்பி அடுக்கும்போது பச்சைக் கறி, மீன் அடித்தட்டில், மூடிய டப்பாவில். சமைத்தவை மேல்தட்டில், அவையும் மூடி போட்டே. கறிச்சாறு ஒரு சொட்டு மேலிருந்து தயிர்ச் சட்டியில் விழுந்தால் போதும், இவ்வளவு வேலையும் வீண்.

படி 3: பால்

பாக்கெட் பால் ஏற்கனவே பதப்படுத்தியது. 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே லிஸ்டீரியா போய்விடும். ஆனாலும் நம் கைக்கு வருவதற்குள் அந்தப் பாக்கெட் எத்தனை வெயிலைப் பார்த்ததோ என்று நான் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். தெருவில் கறந்து கொண்டுவரும் பாலைக் கண்டிப்பாகப் பொங்கக் காய்ச்ச வேண்டும். "கறந்த சூட்டோடு குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும்" என்று யாராவது செம்பை நீட்டினால், வாங்கி அடுப்பில் வைத்துவிடுங்கள். சண்டையும் வராது, பாலும் காய்ந்துவிடும்.

தயிர், மோர், வெண்ணெய் எல்லாம் காய்ச்சிய பாலில் உறையூற்றியதாக இருந்தால் நல்லது. உதிரியாக விற்கும் பனீரைப் பச்சையாகத் தொட வேண்டாம். கொதிக்கும் குழம்பில் போட்டுச் சாப்பிடலாம்.

படி 4: மீந்த சோறும் மறுநாள் குழம்பும்

எங்கள் வீட்டில் பெரிய வழக்கு நடந்தது இந்தப் படியில்தான். வெண்டைக்காய் மண்டியும் மீன் குழம்பும் மறுநாள்தான் ருசி என்பது செட்டிநாட்டு வீடுகளில் யாரும் எழுதிவைக்காத சட்டம். அதை நான் ரத்து செய்யவில்லை, நிபந்தனை போட்டேன்.

சமைத்த உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் பங்குனியிலிருந்து ஆவணி வரை ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டிக் குழம்பை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும். இரண்டு மூன்று அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்து ஆற்றி, மூடி உள்ளே வையுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் கிழமையை எழுதி மூடியில் ஒட்டுங்கள். பொதுவாக 3 நாள் வரை வைக்கலாம் என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் மறுநாளோடு சரி என்று நான் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் குளிரில் இந்தக் கிருமிக்குத் தேவைப்படுவது நாட்கள்தான். நாளைக் குறைத்தால் அதன் பெருக்கமும் குறையும்.

எடுத்துச் சுடவைக்கும்போது உள்ளே 74 டிகிரி வர வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் குழம்பு நடுவிலும் தளதளவென்று கொதிக்கட்டும், இரண்டு நிமிடம் விடுங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். ஓரம் கொதித்து நடு குளிர்ந்திருப்பது அதன் வழக்கம். ஒரு முறை சுடவைத்தது மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது.

இரவெல்லாம் வெளியில் கிடந்த சோறு வேறு கதை. அதில் வளர்வது பேசிலஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமி, அது விடுகிற நஞ்சு சுடவைத்தாலும் போகாது. நீராகாரம் இல்லாமல் எனக்கே பொழுது விடியாது. ஆனாலும் மகளுக்கு இந்தச் சில மாதம் காலையில் கவுனி அரிசிக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் கொடுக்கிறேன்.

தேங்காய்ச் சட்னி, புதினாத் துவையல் எல்லாம் அரைத்த வேளைக்கே முடியட்டும். இட்லி மாவைப் பற்றிக் கேட்காதீர்கள், அது ஆவியில் வெந்துவிடுகிறது.

படி 5: கறி, மீன், முட்டை

உள்ளே இளஞ்சிவப்பு தெரியாமல் வேக வேண்டும். செட்டிநாட்டு நாட்டுக்கோழியும் ஆட்டுக்கறியும் எப்படியும் வெந்து விழும், கவலையில்லை. கவலை எதிலென்றால் உப்புக்கண்டத்தில். "உப்பு போட்டுக் காயவைத்ததில் என்ன கிருமி" என்று அப்பத்தா கேட்டார்கள். லிஸ்டீரியா 10 சதவீத உப்பையும் தாங்கும். காய்ந்த கண்டத்தில் பெருகாது என்றாலும் உயிரோடு இருக்கலாம். சும்மா அனலில் வாட்டிக் கடிப்பதை விட்டு, தட்டி வேகவைத்து வறுத்துக் கொடுங்கள். கருவாடும் இப்படியே.

முட்டை, மஞ்சள் கரு இறுகும்வரை. அரைவேக்காடு வேண்டாம், அதில் பயம் சால்மோனெல்லா என்ற வேறொரு கிருமி. கோழியைக் குழாயடியில் சளசளவென்று கழுவினால் சாறு சுற்றிலும் தெறிக்கும். மஞ்சள் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் என்பதற்காகக் கழுவுகிறவர்கள், அடுப்பு அந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்பலாம். கழுவியே தீர வேண்டுமென்றால் ஒரு பாத்திரத்துக்குள் மெதுவாகக் கழுவி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறிக்கு ஒரு கத்தி, பலகை, காய்க்கு வேறு.

படி 6: பச்சையாகத் தின்பவை

இந்தக் கிருமி உணவு வழியாகத்தான் பரவுகிறது என்பது உறுதியானதே ஒரு முட்டைக்கோஸால்தான். 1981-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆட்டுச் சாணம் இட்ட வயலின் கோஸை நீண்ட நாள் குளிர்க் கிடங்கில் வைத்திருந்து, பச்சை சாலடாகச் செய்து விற்றார்கள். நோயுற்ற 41 பேரில் 34 பேர் கர்ப்பிணிகளும் சிசுக்களுமாக இருந்தார்கள். 2011-இல் அமெரிக்காவில் முலாம்பழத்தால் 147 பேர் நோயுற்று 33 பேர் இறந்தார்கள். பழத்தின் தோலில் இருப்பது வெட்டும் கத்தியோடு சதைக்குள் போய்விடும்.

ஆகவே முலாம்பழம், தர்பூசணி, வெள்ளரி எதுவானாலும் வெட்டுவதற்கு முன்பே ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டியதை உடனே தின்னுங்கள். பஸ் நிலையத்தில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் வெள்ளரிப் பத்தைக்குப் பிரசவம் வரை விடுமுறை. முளைகட்டிய பயறு பச்சையாக வேண்டாம், சுண்டலாகச் செய்யுங்கள்.

ஒரு வேடிக்கை. வெளியூர்க்காரர்கள் கோசுமல்லி என்றால் ஊறிய பாசிப்பருப்பும் பச்சை வெள்ளரியும் என்பார்கள். நம் கோசமல்லி வெந்த கத்திரிக்காய். கர்ப்பிணிக்கு எது என்று கேட்டால் நம்முடையதைக் காட்டலாம், இந்த ஒரு முறையாவது பெருமைக்குக் காரணம் இருக்கிறது.

படி 7: வளைகாப்புப் பந்தி

ஏழு வகைக் கலவைச் சாதம் காலை 6 மணிக்குத் தயாராகி, நல்ல நேரம் பார்த்து, வளையல் போட்டு, படம் எடுத்து, 11 மணிக்கு அவள் வாய்க்கு வந்தால் அது எத்தனை மணி நேரம் என்று எண்ணிப்பாருங்கள். நாங்கள் அவளுக்கு மட்டும் சின்னத் தூக்கில் தனியாக, சடங்கு தொடங்கியபின் ஆக்கிக் கொடுத்தோம். தயிர் சாதத்தை அந்த நிமிடம் பிசைந்தோம். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை போன்ற உலர்ந்த பலகாரங்களில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் தாராளமாகத் தின்னலாம்.

படி 8: காய்ச்சல் வந்தால்

கிருமி உள்ளே போய் இரண்டு மாதத்துக்கு மேல், 70 நாள் வரை கழித்தும் காய்ச்சல் வரலாம். அதனால் "நேற்று என்ன சாப்பிட்டாய்" என்ற கேள்வி போதாது. மகள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு சொல் எழுதிவைக்கிறேன். விசேஷ வீடு, ஹோட்டல், ஊர்ப்பயணம் இருந்தால் மட்டும்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், உடல்வலி, வாந்தி பேதி, கழுத்து விறைப்பு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் பாராசிட்டமாலைப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். சந்தேகப்படும் உணவைச் சாப்பிட்டிருந்தால் லிஸ்டீரியா என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள். ரத்தத்தைக் கல்ச்சர் செய்து, அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து, கண்டுபிடிப்பார்கள். ஆம்பிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் குழந்தையையும் காப்பாற்றும். காய்ச்சல், வலி எதுவும் இல்லையென்றால் பரிசோதனைக்கு அலைய வேண்டியதில்லை.

பக்கத்தில் மருத்துவர் இல்லாத கிராமங்களில் ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் நோட்டின் அட்டையில் எழுதி ஃபிரிட்ஜின் மேலேயே வைத்திருக்கிறேன். அப்பத்தா தினமும் அந்த நோட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் நாள் கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.