அயனிக் கற்றைக்குக் கம்பிக் கதவு: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயனிக் கற்றையை நுண்நொடிக் கணக்கில் திறந்து மூட, ஒரே தளத்தில் இணையாகக் கட்டிய மெல்லிய கம்பிகள் போதும். ஒன்று விட்டு ஒன்றாக அவை இரண்டு தொகுதிகள். இரண்டிலும் ஒரே மின்னழுத்தம் இருந்தால் அயனிகள் நேராகக் கடக்கும். ஒன்றுக்கு நேர், மற்றதற்கு எதிர் கொடுத்தால் பக்கவாட்டில் விலகிவிடும். 1936இல் பிராட்பரியும் நீல்சனும் எலக்ட்ரான்களின் இயக்கத்தை அளக்கப் பயன்படுத்திய இந்த அமைப்பு, இன்று பறப்புநேர நிறை நிறமாலைமானிகளிலும் (அயனிகள் பறக்கும் நேரத்தைக் கொண்டு அவற்றின் நிறையை அளக்கும் கருவிகள்) இருக்கிறது.

கட்டுபவர்கள் கம்பியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். முதலில் கவலைப்பட வேண்டியது சட்டகத்தைப் பற்றி. ஒரு கம்பியின் இழுவிசை சொற்பம். நூறு கம்பிகள் சேர்ந்தால் மெல்லிய சட்டகம் உள்வாங்கி வளையும், முதலில் கட்டியவை தளரும். தளர்ந்த கம்பி, மின்னழுத்தம் ஏறியதும் பக்கத்துக் கம்பியிடம் இழுபட்டு ஷார்ட் ஆகும். எனவே சட்டகம் தடிமனாக, விறைப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எபாக்சிப் பசை முழுதாக இறுகிய பிறகே எடையை எடுங்கள். கைப்பிடியால் இழுத்தால் சீர் வராது.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. டங்ஸ்டன் மிகக் குறைவாக விரியும். துருவேறா எஃகு ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும். எஃகுச் சட்டகத்தில் உச்ச இழுவிசையில் கட்டிய டங்ஸ்டன் கம்பி, வெற்றிடக் கலனைச் சூடேற்றும்போது அறுந்துபோகலாம். பீங்கான் சட்டகத்தில் எஃகுக் கம்பி கட்டினால் நேர்மாறு: சூட்டில் தொய்யும்.

நெருக்கமான இடைவெளி நல்லதுதான். மின்புலம் கம்பிகளைத் தாண்டி ஏறத்தாழ அந்த இடைவெளியின் அளவுக்கே பரவுவதால் கதவு கூர்மையாக வெட்டும். ஆனால் மையத்துக்கு மையம் 100 மைக்ரான் இடைவெளியில் 20 மைக்ரான் கம்பி ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு கற்றையை மறைக்கிறது. இடைவெளியைக் குறைத்தால் கம்பியும் மெலிய வேண்டும்.

சாதாரண சால்டர் வெறும் டங்ஸ்டனில் ஒட்டாது. சால்டர் ஒட்ட உதவும் பிளக்ஸின் எச்சமும் கைரேகையும் மின்கசிவுக்கு வழி.

இரு தொகுதிகளும் ஒரே கணத்தில் மாறாவிட்டால், அந்த இடைவேளையில் கடக்கும் அயனிகளின் வேகம் மாறி நிறமாலையில் சிகரங்கள் அகலமாகிவிடும். கேபிள்களைச் சம நீளத்தில், குட்டையாக வையுங்கள். மல்டிமீட்டர் சோதனை மட்டும் போதாது: மல்டிமீட்டர் தரும் ஓரிரு வோல்ட்டில் ஒட்டாத கம்பிகள் வேலை மின்னழுத்தத்தில் ஒட்டலாம். அந்த மின்னழுத்தத்தை மின்தடையோடு தொடராக, வெற்றிடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டே கருவியில் பொருத்துங்கள்.