சேலத்தில் ஏர் பிஸ்டல் கடை: விற்பது பாதி, கைக்குப் பொருத்துவது பாதி

10 மீட்டர் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கான ஏர் பிஸ்டலைப் பெட்டியோடு எடுத்துக் கொடுத்துப் பில் போடுவதில் சிறு கடைக்கு நிற்கிற காசு குறைவு. வாங்க வருபவர் நாலு ஊர் விலையைப் போனிலேயே விசாரித்துவிட்டுத்தான் சேலம் ஐந்து ரோட்டில் வண்டியை நிறுத்துகிறார். ஆனால் கிரிப்பை, அதாவது கைப்பிடியைத் தேய்க்கவும் டிரிகர் எடை பார்க்கவும் சிலிண்டரில் காற்று பிடிக்கவும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றவும் அவர் மும்பைக்குப் போக முடியாது. கடை நிலைப்பது அந்த வேலையில். அதனால் ஷோகேஸைவிட மேசை வைஸுக்கும் தராசுக்கும் முதலில் செலவு செய்யுங்கள்.

முதலில் சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகள்படி, குழாயின் துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் போகாமலும் முனை ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருக்கும் ஏர் பிஸ்டலை வைத்திருக்க உரிமம் வேண்டாம். போட்டி பிஸ்டலின் ஆற்றல் இந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கும். கணக்கு சுலபம்: பெல்லட்டின், அதாவது சிறு ஈயக் குண்டின் எடையை கிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 2000ஆல் வகுக்க வேண்டும். 0.49 கிராம் பெல்லட் வினாடிக்கு 150 மீட்டர் போனால் 5.5 ஜூல். .22 ஸ்போர்ட் பிஸ்டல் வேறு கதை, அது வெடிமருந்துத் தோட்டா போடும் சுடுகலன். வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும், விற்பவருக்கும் விற்பனை உரிமம் வேண்டும். ஏர் பிஸ்டல் மட்டும் விற்கும் கடைக்கு என்ன அனுமதி, என்ன பதிவேடு என்பதை உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வரிசை எண், வாங்கியவர் அடையாள அட்டை நகல், முகவரி, தேதி நான்கும் பதிவேட்டில் இருக்கட்டும். 18 வயது நிறையாத பிள்ளைக்கு வாங்கினால் பில் பெற்றோர் பெயரில்.

சரக்கு விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். ஸ்டையர், மொரினி, வால்தர், பார்தினி, ஃபைன்வெர்க்பாவ் எல்லாமே நல்ல பிஸ்டல்தான். ஐந்து கம்பெனியில் ஒவ்வொன்று வைப்பதைவிட, உங்களால் பாகம் வரவழைக்க முடிந்த ஒரே கம்பெனியில் மூன்று கிரிப் அளவு வைப்பது மேல். புதிதாகக் கற்கும் பிள்ளைக்குப் பழைய பிஸ்டலே போதும். பழையதை எடுக்கும்போது முதலில் சிலிண்டரின் தேதியைப் பாருங்கள். தயாரித்த தேதியிலிருந்து 10 ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. பிஸ்டல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் புது சிலிண்டர் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

கிரிப்

பொருத்தும் வேலையில் முக்கால்வாசி இதுதான். S, M, L என்று பெட்டியில் போட்டிருப்பது சும்மா தொடக்கம். வாங்குபவரை இலக்குக்கு நேராக நிற்க வைத்து, காலி பிஸ்டலைப் பிடித்துக் கண்ணை மூடி கையைத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கட்டும். குழாய் முனையில் இருக்கும் முன் சைட் (குறிபார்க்கும் கம்பம்) பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில், மேல் விளிம்பு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பத்து தடவையும் முன் சைட் இடப்பக்கமே ஒதுங்கி நின்றால் அது அவர் பழக்கக் குறை இல்லை, கிரிப்பின் குறை. மணிக்கட்டை வளைத்து நேராக்கிக்கொள்ளச் சொன்னால், அறுபது ஷாட்டில் நாற்பதாவதுக்கு மேல் அந்த வளைவு தானே கழன்றுவிடும். சாய்வும் திருப்பமும் மாற்ற முடிகிற பிஸ்டல் என்றால் கிரிப் போல்ட்டைத் தளர்த்தி ஒரு மயிரிழை திருப்பி மறுபடி பத்து தடவை தூக்க வையுங்கள். முன் சைட் மேலேறி நின்றால் சாய்வை மாற்றி முனையை இறக்க வேண்டும்.

அடுத்து கை எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்க்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த மை எதுவும் வேண்டாம், விபூதி போதும். உள்ளங்கையில் மெல்லியதாகப் பூசி கிரிப்பைப் போட்டியில் பிடிப்பது போலவே பிடிக்கச் சொல்லி, விரல் விரலாக எடுக்கச் சொல்லுங்கள். கருமரத்தில் வெள்ளையாகப் படிந்த இடம் அழுந்துகிறது, படியாத இடம் வெற்றிடம். நடுவிரலின் இரண்டாம் கணு பக்கம் தடிப்பாகப் படிந்து, கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லையென்றால் முன்பக்கம் தேய்த்து, அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். ஆள்காட்டி விரல் மட்டும் மரத்தை எங்குமே தொடக்கூடாது. தொட்டால் டிரிகர் இழுக்கும்போது பிஸ்டலே பக்கவாட்டில் நகரும்.

தேய்ப்பதற்கு முன் கிரிப்பைப் பிஸ்டலிலிருந்து கழற்றுங்கள். சோம்பல்பட்டு மாட்டியபடியே தேய்த்தால் மரத்தூள் டிரிகர் பெட்டிக்குள் போய் டிரிகரின் இரண்டாம் நிலை (முதலில் இழுத்து ஒரு தடையில் நின்றபின் சுட வைக்கும் கடைசி அழுத்தம்) ஒரு நாள் கனமாகவும் ஒரு நாள் லேசாகவும் பேசும். 120 நம்பர் பேப்பரில் தேய்த்து 220இல் முடியுங்கள். நிரப்ப இரண்டு பாக எபாக்ஸி புட்டி போதும்: பள்ளத்தில் அப்பி, மேலே மெல்லிய பாலித்தீன் சுற்றி, வாங்குபவரைப் பிடித்து அழுத்தச் சொல்லி, கெட்டியாகும் வரை கை அசையாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க இறுகட்டும், மறுநாள் தேய்க்கலாம். மேலே வார்னிஷ் அடிக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதச் சேலத்து வியர்வையில் வார்னிஷ் போட்ட கிரிப் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். சொரசொரப்பாகவே விடுங்கள். ஏற்காட்டில் இருப்பவருக்கு இன்னொன்று: அந்தப் பனியில் வால்நட் மரம் ஈரம் குடித்து உப்பும். மழைக்காலத்தில் பிடித்தது கோடையில் தளரும். அளவைச் சிறிது தளர்வாகவே முடித்துக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள்.

கீழே இருக்கும் உள்ளங்கைத் தாங்கியைப் பலரும் இறுக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். கை கிரிப்பின் மேல் கொக்கிக்கும் தாங்கிக்கும் நடுவில் நசுங்கினால் நாடித் துடிப்பு முன் சைட்டில் தெரியும். கையை உள்ளே விட்டபின் ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி இருக்கட்டும். தாங்கி கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. மரம் மணிக்கட்டைத் தாங்கவும் கூடாது. புட்டி அப்பும் ஆர்வத்தில் மறந்துபோவது அகலம். பிஸ்டல் முழுவதும் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. உள்ளளவு சரியாக இருக்கும்படி தச்சரிடம் ப்ளைவுட்டில் ஒரு பெட்டி செய்து மேசைமேல் வையுங்கள். கட்டைவிரல் தாங்கியில் 2 மி.மீ. புட்டி கூடிப்போய், போட்டிக் கூடத்தில் உப்புத்தாளோடு திண்டாடுவதை அந்தப் பெட்டி தடுக்கும்.

டிரிகர்

போட்டி விதிப்படி டிரிகர் இழுக்கும் எடை குறைந்தபட்சம் 500 கிராம். சோதனையில் முனையை மேலே பார்க்க வைத்துப் பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரின் நடுவில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள். தட்டையான இடத்திலிருந்து எடை எழும்ப வேண்டும், டிரிகர் விடுபட்டுச் சுடக் கூடாது. மூன்று முயற்சிக்குள் தேறாவிட்டால் சரிசெய்து கொண்டுவர வேண்டும். கடையில் சோதிக்கும்போதும் காற்று ஏற்றி, லீவரை இழுத்துத்தான் சோதிக்க வேண்டும். வெறும் கிளிக்கில் தேறிய டிரிகர் காற்றோடு தேறாமல் போவதுண்டு.

சோதனை எடையை வாங்கினதும் நம்பிவிடாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்பவர் எவரிடமும் நல்ல தராசு இருக்கும். அங்கே வைத்து ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். கொக்கியையும் சேர்த்துத்தான் 500. சரியாக 500இல் பூட்டிக் கொடுப்பது வீண் வீரம். 510, 515இல் வையுங்கள், அந்தப் பத்து கிராமைச் சுடுபவர் விரல் உணராது. முதல் நிலைக்கு 380, இரண்டாம் நிலைக்கு 130 என்று பிரித்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கும். இரண்டாம் நிலையை 50க்குக் கீழே கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் புதியவருக்கு முடியாது என்று சொல்லுங்கள். விரல் தயாராகும் முன்பே சுட்டுவிடும். டிரிகருக்குள் சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் கொக்கியின் பிடிப்பை அளவுக்கு மீறிக் குறைத்தால் மேசையில் தட்டினாலே சுடும். அதைக் குறைக்கவே கூடாது.

சேலத்து ரோட்டில் டூவீலர் பெட்டியில் வைத்து இரண்டு மாதம் அலைந்தால் சின்னத் திருகுகள் தாமாகவே நகரும். அளவு சரியானதும் திருகுத் தலைக்கும் உடம்புக்கும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் வாங்கியவரே கண்டுபிடித்துவிடுவார்.

காற்று

சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) வரை நிரப்பலாம். அதற்கு மூன்று நிலைக் கைப்பம்ப் அல்லது ஸ்கூபா சிலிண்டர். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் 10 பார் சுற்றித்தான் வரும், அதைப் பற்றிப் பேச வேண்டாம். யாராவது வெல்டிங் கடை ஆக்ஸிஜன் சிலிண்டரைக் காட்டி, இதில் அழுத்தம் இருக்கிறதே என்பார். எக்காரணம் கொண்டும் கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனோடு ஒரு துளி எண்ணெய் சேர்ந்தால் போதும், சிலிண்டர் வெடிக்கும். கையும் கண்ணும் போகும். அதே காரணத்துக்காக ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் மட்டும். தையல் மிஷின் எண்ணெயும் துருநீக்கி ஸ்ப்ரேயும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

நிரப்பும்போது மெதுவாக. வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகி கேஜ் 200 காட்டும். ஆறியபின் 180க்கு இறங்கி நிற்கும், வாங்கியவர் லீக் என்று திரும்ப வருவார். உண்மையான லீக்கா என்று பார்க்க, ஆறிய அளவைக் குறித்து 24 மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பத்தில் ஒன்பது ஓ-ரிங்தான்.

பூட்டிய காருக்குள் சிலிண்டரை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். 30 டிகிரியில் 200 பார் நிரப்பியது, 60 டிகிரி ஆன கார் டிக்கியில் 220ஐ எட்டும். ஏற்காட்டுக்காரருக்கு வெப்பம் பிரச்சினை இல்லை, ஈரம்தான். பனியிறங்கும் நேரத்தில் கைப்பம்ப் அடித்தால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போய், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைத் துருப்பிடிக்க வைக்கும். பம்பின் உலர்த்திக் குழாயில் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். முடிந்தால் அவர் இருபது கொண்டை ஊசி இறங்கி வரும் நாளில் கடையிலேயே நிரப்பிக்கொள்ளட்டும்.

பெல்லட்

தட்டைத் தலை, 0.45 முதல் 0.53 கிராம் வரை, தலை அளவு 4.48, 4.49, 4.50 மி.மீ. எது சேரும் என்பது அந்தக் குழாய்க்குத்தான் தெரியும். பிஸ்டலை வைஸில் ரப்பர் வைத்துக் கட்டி, 10 மீட்டரில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாக மூன்று அட்டை சுடுங்கள். ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 7 மி.மீ.க்குள் அடங்கினால் அந்த வகையை எழுதிப் பெட்டியில் ஒட்டிக்கொடுங்கள். பத்து வளையம் 11.5 மி.மீ. விட்டம்; கூட்டம் 7க்குள் நின்றால் மிச்சப் பிழை சுடுபவருடையது. ஒரே பேட்ச் எண்ணில் பத்து டப்பா ஒன்றாக விற்பது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

சைட்டில் அதிக வேலை இல்லை. லென்ஸ் வைத்தது எதுவும் இந்தப் போட்டியில் கிடையாது, திறந்த சைட் மட்டும். 4.5 மி.மீ. முன் சைட்டில் தொடங்கி, இருபக்கமும் வெளிச்சம் தெரியும்படி பின் வெட்டைத் திறந்தால் போதும்.

கொடுத்தனுப்பும் நாளில் பெட்டிக்குள் வைக்க வேண்டியவை: ஒரு ஓ-ரிங் செட், ஆலன் கீ, சிலிகான் கிரீஸ், குழாய் துடைக்கும் ஃபெல்ட், குழாய்க்குள் செருகி வைக்கும் பாதுகாப்புக் கயிறு, எலக்ட்ரானிக் டிரிகர் என்றால் உபரி பேட்டரி. 2021 டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் பழுதாகி நிமிடங்கள் கரைந்தன, இறுதிச் சுற்று கைநழுவியது. 2024இல் பாரிஸில்தான் அதே பிரிவில் வெண்கலம் வந்தது. 60 ஷாட்டுக்கு 75 நிமிடம்தான். விமானத்தில் போகிறவர் சிலிண்டரைக் கழற்றிக் காலியாக்கி வைக்க வேண்டும். பஸ்ஸில், ரயிலில் போகிறவர் பூட்டிய பெட்டியில் பில் நகலோடு கொண்டுபோகட்டும். சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பில்லின் பின்புறம் பெரிதாக எழுதுங்கள், உங்கள் பதிவேட்டிலும் எழுதுங்கள். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே போன் செய்தால் புது சிலிண்டர் உங்களிடம்தான் வாங்குவார்.