தொடர்மாடியில் குடியிருக்கிறீர்களா? ஒரு ஞாயிறு காலையில் உங்கள் கட்டடத்தை நீங்களே பரிசோதிப்பது எப்படி

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், எட்டாம் மாடியில் இருக்கிறேன். வீடு பார்க்க வந்த நாளில் தண்ணீர் ஒழுங்காக வருமா, லிஃப்ட் வேலை செய்யுமா, வாகனம் விட இடம் உண்டா, பல்கனியில் நின்றால் கடல் தெரியுமா என்றெல்லாம் கேட்டேன். தீப்பிடித்தால் எந்த வழியால் இறங்குவது என்று மட்டும் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, கையில் அரிசிப் பையோடு படியேற வேண்டி வந்தபோதுதான் அந்தப் படிக்கட்டை முழுசாகப் பார்த்தேன். நாலாம் மாடியில் சப்பாத்து ராக்கை, ஆறில் இரண்டு சைக்கிள், ஏழில் கைபிடியோடு கயிறு கட்டிச் சேலை காயப் போட்டிருந்தது.

அன்றிலிருந்து நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டும் படித்தும் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டமோ பொறியியலோ தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு டோர்ச், போன், ஒரு கொப்பி, ஒரு மணித்தியாலம் போதும்.

1. மேலிருந்து கீழே நடந்து வாருங்கள்

லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போய், அங்கிருந்து தீ வெளியேறும் படிக்கட்டால் இறங்குங்கள். ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுக்குள் போகிற கதவில் நில்லுங்கள். அது சும்மா கதவு இல்லை. தீயைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. புகை மேலே போகிற சாமான், படிக்கட்டோ அடியிலிருந்து உச்சிவரை ஒரே குழாய். கதவு திறந்து கிடந்தால் மூன்றாம் மாடிப் புகை பன்னிரண்டாம் மாடி ஆட்களின் வழியை அடைத்துவிடும். அதனால்தான் அந்தக் கதவு தானாக மூட வேண்டும் என்று விதி.

சோதிப்பது சுலபம்: முழுசாகத் திறந்து கையை விடுங்கள். தானாக வந்து, நாக்கு டக்கென்று விழுந்து பூட்ட வேண்டும். பாதியில் நின்றால், அல்லது சாத்தியும் சும்மா ஆடிக்கொண்டிருந்தால் கொப்பியில் குறியுங்கள். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடிக் கதவைப் பாதி பெயின்ட் இருந்த ஒரு டின் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தது. "ஏன் அண்ணை?" என்று செக்யூரிட்டியைக் கேட்டால், "காத்து வரத்தான் தம்பி" என்றார். கொழும்பு வெக்கையில் அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

படியில் எதுவும் இருக்கக் கூடாது. பூச்சட்டி, பழைய மெத்தை, சார்ஜில் போட்ட பேட்டரி சைக்கிள், எதுவுமே. இருட்டில் புகைக்குள் முப்பது பேர் ஒன்றாக இறங்கும்போது ஒரு சப்பாத்து ராக்கை போதும், எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழ. சேலை காயப் போட்டிருந்த ஏழாம் மாடி அன்ரியிடம் போய்க் கதைத்தேன். "உப்புக் காத்து தம்பி, பல்கனிக் கம்பி முழுக்கத் துரு, சேலையெல்லாம் கறையாப் போகுது, வேற எங்க போடுறது?" என்றார். சட்டத்தை எடுத்து நீட்டியிருந்தால் கோபித்திருப்பார். மொட்டை மாடியில் கொடி கட்டக் கட்டடத்தை நிர்வகிக்கிற கொமிட்டியிடம் அனுமதி வாங்கிக் கொடுத்த பிறகு படி காலியானது.

கீழே வந்ததும் கடைசிக் கதவு எங்கே திறக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது வாகனத் தரிப்பிடத்தில் போய்த் திறக்கும், நேர் எதிரே ஒரு வான் நிற்கும், கதவு ஒரு சாண் திறந்து வானில் முட்டும். இரவில் அந்தக் கதவுக்குப் பூட்டுப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள், கள்ளன் பயத்தில் போடுகிற இடங்கள் உண்டு.

2. சிவப்புச் சாமான்கள்

தீயணைக்கும் சிலிண்டரில் பார்க்க வேண்டியது நான்கு: முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, பாதுகாப்பு ஊசி இருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா, கழுத்தில் தொங்குகிற அட்டையில் கடைசியாகப் பரிசோதித்த திகதி என்ன. சிலதில் முள்ளே இருக்காது. கறுப்பாகக் கூம்பு மாதிரி ஒரு வாய் இருக்கும், அது கார்பன் டையொக்சைட். அதை நிறுத்துப் பார்த்துத்தான் நிறைந்திருக்கிறதா என்று அறியலாம், எனவே அதற்கு அட்டைத் திகதிதான் முக்கியம். அடிக்கும்போது அந்தக் கூம்பைக் கையால் பிடிக்காதீர்கள், குளிரில் தோல் ஒட்டிக் காயமாகும். கரண்ட் தீக்கு அதுவோ பவுடரோ, தண்ணீர் மட்டும் வேண்டாம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி பற்றினாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

சுருள் குழாய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள், உள்ளே தும்புத்தடியும் பழைய வாளியும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒவ்வொரு மாடியிலும் தீயணைப்புப் படை தங்கள் குழாயைப் பூட்டுகிற வால்வு ஒன்று இருக்கும். அதன் பித்தளை மூடியும் கைச்சக்கரமும் இருக்கின்றனவா? வீதிப் பக்கம், அதே குழாய்க்கு வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற வாய் எங்கே, அதன் முன்னால் யாராவது வாகனம் விடுகிறார்களா? கூரையில் இருக்கும் புகை உணரியைப் பார்க்கும்போது, பெயின்ட் அடித்த நேரம் மாட்டிய பிளாஸ்டிக் மூடி இன்னும் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மூடி இருக்கும்வரை அது குருடு.

தீயணைக்கும் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்ப் இருக்கும் அறைக்குள் பராமரிப்பு ஆளோடு போங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: சுவிட்ச் 'ஓட்டோ'வில், அதாவது தானாக ஓடுகிற நிலையில் இருக்கிறதா? சத்தம் தாங்காமலோ, கசிவு இருந்ததாலோ யாராவது நிறுத்தி வைத்து, பிறகு மறந்துபோவது அடிக்கடி நடக்கிற விஷயம். எங்கள் இடத்திலும் நிறுத்தித்தான் கிடந்தது. எத்தனை மாதம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

3. மூன்று கடதாசிகள்

இனிக் கொமிட்டியிடம் போங்கள். வீடு உங்கள் பெயரில் என்றால் நீங்கள் ஏற்கெனவே கட்டடத்தின் முதலாளிகளில் ஒருவர். தொடர்மாடி வீடுகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, கட்டடத்தின் தொடர்மாடி வரைபடம் பதிவானதும் வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஆகிறார்கள். படிக்கட்டு, லிஃப்ட், பம்ப் போன்ற பொதுப் பகுதிகள் அதன் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் மூலமாகக் கேட்கலாம்.

கேட்க வேண்டியவை: ஒன்று, எல்லோரும் சீ.ஓ.சீ. என்று சொல்கிற இணக்கச் சான்றிதழ். அனுமதி பெற்ற வரைபடத்தின்படிதான் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் அது, அது கிடைக்காமல் கட்டடத்தில் ஆட்களைக் குடியேற்றக் கூடாது. இரண்டு, தீயணைப்புத் திணைக்களத்தின் சான்றிதழ், அதன் திகதி. கொழும்பு மாநகரசபையின் தீயணைப்புத் தலைமையகம் மருதானைப் பக்கம் ரீ.பி. ஜாயா மாவத்தையில் இருக்கிறது. வாய்க்கால் தாண்டித் தெஹிவளைக்குள் இருப்பவர்களுக்கு மாநகரசபையே வேறு, மாறிப் போய் நிற்காதீர்கள். மூன்று, கட்டடத்துக்கான தீக் காப்புறுதி. அதோடு லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

4. சொந்த வீட்டுக்குள்

இரும்பு கேட். கொழும்புத் தமிழ் வீடுகளில் வாசற்கதவுக்கு வெளியே கம்பிக் கேட், அதற்கு உள்ளிருந்து ஆமைப்பூட்டு, சாவி அலுமாரிக்குள். இரவு இரண்டு மணிக்குப் புகைக்குள் அந்தச் சாவியைத் தேடிப் பாருங்கள். வாசலுக்குப் பக்கத்தில், குழந்தைக்கும் தெரிந்த இடத்தில், ஆணியில் மாட்டுங்கள். ஜன்னல் கம்பிகளில் ஒன்றாவது திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது.

காஸ். 2021 கடைசியில் நாடு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகக் காஸ் வெடிப்புகள் நடந்தபோது எல்லோரும் சவர்க்கார நுரை பூசிச் சோதிக்கப் பழகினோம், பிறகு மறந்துவிட்டோம். ரெகுலேட்டர், குழாய், இரண்டும் சேரும் இடம் மூன்றிலும் நுரை பூசுங்கள், குமிழ் வந்தால் கசிவு. இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு படுத்துக் கிடக்கும். மணம் வந்தால் லைட்டையோ ஃபேனையோ போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், பொறி பறக்கும். சிலிண்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். கடலோரமென்றால் ரெகுலேட்டர் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதையும் பாருங்கள்.

ட்ரிப் சுவிட்சில் சின்னதாக ஒரு டெஸ்ட் பொத்தான் உண்டு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியதும் கரண்ட் நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்புறம் சாமி விளக்கு, திரைச்சீலையிலிருந்து தள்ளி. இதற்கு விளக்கம் தேவையில்லை.

5. அலார்ம் அடித்தால்

இதை வீட்டில் எல்லோரோடும் இருந்து கதைத்து முடிவெடுங்கள். லிஃப்ட் வேண்டாம், படிதான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுங்கள், பூட்ட வேண்டாம். படிக்கட்டுக் கதவைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தாலோ உள்ளே புகை நிறைந்திருந்தாலோ திரும்பி வீட்டுக்குள் வந்து, கதவின் கீழ் இடுக்கில் நனைத்த துவாயைத் திணித்து, பல்கனிப் பக்கம் போய் 110க்கு எடுங்கள். அது தீயணைப்புப் படை. அம்புலன்ஸுக்கு 1990. வீதிப் பெயர், கட்டட இலக்கம், எத்தனையாம் மாடி, இந்த மூன்றையும் சொல்லுங்கள். அந்தப் பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும், எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

வீட்டிலேயே இருப்பதா, இறங்குவதா என்பது சின்னக் கேள்வி இல்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில், நாலாம் மாடி வீடொன்றின் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீ, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த தகடுகள் வழியாக 24 மாடிக் கட்டடம் முழுக்கப் பரவியது. வீட்டிலேயே இருங்கள் என்றுதான் ஆட்களுக்குச் சொல்லப்பட்டது, அந்த அறிவுரையைக் கைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் ஆனது. 72 பேர் இறந்தார்கள். ஆகவே உங்கள் கட்டடத்துக்கு எது ஒழுங்கு என்று கொமிட்டியிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். படியிறங்க முடியாத வயதானவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் செக்யூரிட்டியிடம் இருக்கட்டும்.

6. கடிதம்

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் சண்டைதான் வரும். குறித்ததையெல்லாம் படங்களோடு, மாடி இலக்கம் போட்டு, ஒரு பக்கத்தில் கடிதமாக எழுதுங்கள். கொஞ்சப் பேரின் கையெழுத்து வாங்கி, கொடுத்த திகதியோடு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் கொழும்பு 2, சித்தம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் தொடர்மாடிகளைக் கவனிக்கிற கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது, இப்படியான முறைப்பாடுகளை அங்கே கொடுக்கலாம். நான் அங்கே போகத் தேவைப்படவில்லை. கடிதம் போய் இரண்டு கிழமையில் பம்ப் ஓட்டோவுக்கு வந்தது, வானுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். ஐந்தாம் மாடிக் கதவில் பெயின்ட் டின் போய் இப்போது ஒரு செங்கல் வந்திருக்கிறது. போகும்போதும் வரும்போதும் எடுத்து ஓரமாக வைக்கிறேன், அடுத்த நாள் திரும்ப அங்கேயே இருக்கிறது.