தினமும் பேச்சு, வாரம் இரண்டு சீட்டு: பிள்ளைகளுக்கு நன்றியுணர்வைப் பழக்குவது எப்படி?

'தேங்க்யூ' சொல்லப் பழகிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு அதிக நாள் ஆவதில்லை. யாராவது சாக்லேட் நீட்டினால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்கள். தனக்காக ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார் என்று தானாகவே கவனிப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை கீழே உள்ள முறை ஒத்துவரும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

தேவையானவை

வாய் அகன்ற காலி பாட்டில் ஒன்று, பிள்ளைக்கு ஒரு ஏ4 தாள், ஒரு பென்சில். தாளை நான்கு முறை பாதி பாதியாக மடித்து வெட்டினால் 16 சீட்டு கிடைக்கும். வாரம் இரண்டு வீதம் எட்டு வாரத்துக்கு வரும். புது டைரி வேண்டாம். முழுப் பக்கத்தைப் பார்த்தாலே வீட்டுப்பாடம் நினைவு வந்து பிள்ளை மலைத்துவிடும்; உள்ளங்கை அகலச் சீட்டில் ஒரு வரி எழுதினாலே நிறைந்துவிடும்.

எழுத்து ஏன் இரண்டே நாள்? உளவியலாளர் சோனியா லியூபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், நன்றிக்குரியவற்றை வாரம் ஒருமுறை எழுதிய கல்லூரி மாணவர்களுக்கு மனநிறைவு கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி எழுதினால் சலித்துப்போகும், பிறகு கைதான் எழுதும். அதனால் பேச்சைத் தினமும் வைத்துக்கொண்டு எழுத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நேரத்தை ஏற்கெனவே நடக்கும் வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

'எட்டு மணிக்கு' என்று வைத்தால் டியூஷனும் விருந்தாளியும் அதைக் கலைத்துவிடும். 'ராத்திரி சாப்பாட்டில் மோர் சாதம் பிசையும்போது' என்று வையுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டாலும் அந்த நேரம் வந்தே தீரும். டிவி அணைந்திருக்கட்டும், போன் வேறு அறையில் இருக்கட்டும்.

படி 2: முதல் வாரம் நீங்கள் மட்டும் சொல்லுங்கள்

"மத்தியானம் பைக் பஞ்சர். வாட்ச்மேன் அண்ணன் அந்த வெயில்ல கடை வரைக்கும் கூடவே தள்ளிட்டு வந்தாரு." இவ்வளவு போதும். உடனே "இப்ப நீ சொல்லு" என்று திரும்பாதீர்கள். ஒரு வாரம் காதில் விழுந்தால் எந்த மாதிரி விஷயத்தைச் சொல்வது என்று பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். பலர் அதற்குள் தாமாகவே வாயைத் திறப்பார்கள்.

படி 3: சரியான கேள்வி

மொத்த முறையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. "இன்னைக்கு எதுக்கு நன்றி சொல்லப் போற?" என்று கேட்டால் "அம்மா, அப்பா, சாமி" என்று ஒப்பிப்பார்கள். "இன்னைக்கு உனக்காக யாராவது ஏதாவது செஞ்சாங்களா?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் ஒன்றிரண்டு துணைக்கேள்வி:

"ஆட்டோ அண்ணா நின்னாரு."
"எதுக்கு நின்னாரு?"
"வாட்டர் பாட்டிலை கிளாஸ்ல விட்டுட்டேன். எடுக்கப் போனேன்."
"அவர் உன்னை விட்டுட்டுப் போயிருக்கலாமே?"
"மத்த பசங்க எல்லாம் கத்துனாங்க. அவரு 'இருங்கடா, வந்துருவான்'னு சொன்னாரு."
"அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

முதல் துணைக்கேள்வி காரணத்தைக் கேட்கிறது, அடுத்தது அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தைக் காட்டுகிறது, கடைசிக் கேள்வி உணர்வைத் தொடுகிறது. தினமும் எல்லாவற்றையும் கேட்டால் விசாரணையாகிவிடும். அன்றைக்கு எது பொருந்துமோ அதைக் கேளுங்கள். தினம் "அம்மா" என்றே சொன்னாலும் தடுக்காமல், "அம்மா இன்னைக்குச் செஞ்சதுல எது?" என்று குறுக்குங்கள்.

படி 4: புதனும் ஞாயிறும் சீட்டு

யார், என்ன செய்தார் என்று ஒரே வரி எழுதி, சீட்டைப் பாட்டிலில் போடட்டும். எழுத வராத பிள்ளை படம் வரையட்டும், அல்லது அது சொல்வதை நீங்கள் எழுதுங்கள், அதன் வார்த்தையிலேயே. எழுத்துப்பிழையைத் திருத்தவே கூடாது.

படி 5: வாரம் ஒருவரிடம் நேரில்

சீட்டில் வந்தவர்களில் ஒருவரைப் பிள்ளை தேர்ந்தெடுத்து நேரில் சொல்லட்டும். வெறும் 'நன்றி' என்றால் காற்றோடு போய்விடும். "அன்னைக்கு எனக்காக நின்னீங்களே அண்ணா, தேங்க்ஸ்" என்று செயலைச் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். கூச்சப்படும் பிள்ளை படம் வரைந்து கொடுக்கலாம்.

எங்கே கெடுகிறது

"சோறு இல்லாம எத்தனை பிள்ளைங்க இருக்காங்க தெரியுமா?" என்ற ஒப்பீடு குற்றவுணர்வைத்தான் தரும். அதைவிடக் கெடுதல், "உனக்காக நான் எவ்வளவு பண்றேன்" என்று கணக்குக் காட்டுவது. அது கடனை நினைவூட்டும் பேச்சு. கடன்பட்டவன் கடன் கொடுத்தவரைக் கண்டால் ஒதுங்கத்தான் பார்ப்பான். உங்கள் பெயர் சீட்டில் வரவில்லையே என்று வருந்த வேண்டாம். வீட்டுக்குள் தினம் நடப்பது பிள்ளையின் கண்ணில் படக் கொஞ்ச காலம் ஆகும்.

ஸ்டார், சாக்லேட் என்று பரிசு வைத்தால் பரிசு நின்ற நாளில் பேச்சும் நின்றுவிடக்கூடும். சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால், அடுத்த சீட்டு பார்ப்பவர்களுக்காக எழுதப்படும்.

"எதுவுமே இல்ல, இன்னைக்கு மோசம்" என்று சொல்லும் நாளும் வரும். அன்று நன்றியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று காது கொடுங்கள். வகுப்பில் அடிபட்டு வந்த பிள்ளையிடம் "நல்லதா ஒண்ணு சொல்லு" என்று வற்புறுத்தினால், வருத்தத்தை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்றே அது புரிந்துகொள்ளும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகக் கேட்காதீர்கள். லண்டனில் 96 பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கும் 21 நாள், 48 நாள் என்று கெடு வைக்காமல் இருப்பது நல்லது.

16 சீட்டு முடிந்ததும்

பாட்டிலைத் தரையில் கொட்டி, பிள்ளை விரும்பும் சீட்டுகளை மட்டும் அதையே வாசிக்கச் சொல்லுங்கள். யார் பெயர் அடிக்கடி வருகிறது, யார் பெயர் வரவே இல்லை என்று சேர்ந்து பாருங்கள். சத்துணவு சமைக்கும் அக்கா, குப்பை வண்டிக்காரர், தண்ணீர் கேன் போடும் அண்ணன் பெரும்பாலும் விடுபட்டிருப்பார்கள். அடுத்த எட்டு வாரத்தை அவர்களைக் கவனிப்பதிலிருந்து தொடங்கலாம். பத்து வயது தாண்டிய பிள்ளை "இனி நானே தனியா எழுதிக்கறேன்" என்றால் ஒரு சிறிய நோட்டைக் கொடுத்துவிடுங்கள், திறந்து பார்க்காதீர்கள். மோர் சாதப் பேச்சு மட்டும் அப்படியே நடக்கட்டும்.