ஆட்டிசம் உள்ள குழந்தையோடு தீம் பார்க் போக: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு செய்முறை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் வேன் பிடித்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் கிளம்பும் குடும்பங்கள் நிறைய. ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு வந்ததும் ஒரு தயக்கம் வரும். "அவனை வச்சுக்கிட்டு எப்படி?" என்று யாராவது கேட்பார்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். என் மகனுக்கும் ஆட்டிசம். ராட்டினம் என்றால் அவனுக்கு உயிர். அதனால் இது முடியும் என்று தெரிந்தே எழுதுகிறேன். காலையில் முடிவு செய்து மத்தியானம் போய் நிற்கிற வேலை இல்லை இது. மூன்று நான்கு வாரம் முன்னாலேயே தொடங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த காசுக்கு எல்லா ரைடிலும் ஏறிவிட வேண்டும் என்ற கணக்கு வேண்டாம். மூன்று ரைடு, ஒரு ஐஸ்கிரீம், இரண்டு மணி நேரம், குழந்தை நல்ல மனநிலையில் இருக்கும்போதே வெளியே வருவது. முதல் தடவைக்கு இது போதும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த முடிவை வைத்துத்தான்.

படி 1: குழந்தையைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் குழந்தை தேடிப் போகிற விஷயங்கள்: சுற்றுவது, குதிப்பது, தண்ணீர், இறுக்கிப் பிடித்தால் வரும் அமைதி. மறு பக்கம் அவர்களால் தாங்க முடியாதவை: ஒலிபெருக்கிச் சத்தம், இருட்டு, ஈரத்துணி, அந்நியர் தொடுவது, கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சல். ஆட்டிசம் உள்ள இரண்டு குழந்தைகளுக்கு இந்தத் தாள் ஒரே மாதிரி வராது. ஓ.டி. தெரபிக்கு (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாடச் செயல்களையும் புலன் உணர்வுகளையும் பழக்கும் பயிற்சி) போகிற குழந்தை என்றால் அந்த டீச்சரிடமும் காட்டுங்கள். ஊஞ்சலில், சுழலும் பலகையில் குழந்தை எப்படி இருக்கிறான் என்று அவர்கள் பார்த்திருப்பார்கள். சில குழந்தைகளுக்கு எவ்வளவு சுற்றினாலும் தலை சுற்றாது, இறங்கவே மாட்டார்கள். வேறு சிலருக்கு ஒரு சுற்றுக்கே வாந்தி வந்துவிடும்.

நம் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய பெரிய பூங்காக்கள் என்றால், கடற்கரைச் சாலையிலேயே முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த வொண்டர்லா. தண்ணீர் விளையாட்டும் தரை விளையாட்டும் இவற்றில் உண்டு. ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள். துணி மாற்றுவது, லாக்கர், ஈரத்தோடு நடப்பது, மறுபடி துணி மாற்றுவது என்று ஒவ்வொன்றும் ஒரு மாற்றம். மாற்றங்கள்தான் நம் குழந்தைகளைக் களைத்துப்போக வைக்கின்றன.

தண்ணீர்தான் வேண்டும் என்றால் உடை விஷயத்தை முன்கூட்டியே பாருங்கள். நீர் விளையாட்டுப் பூங்காக்களில் பொதுவாகப் பருத்தித் துணியோடு குளத்தில் விடமாட்டார்கள். நைலான் வகை உடை வேண்டும். உடம்பில் ஒட்டுகிற அந்தத் துணியை முதல் தடவையாக அங்கே போய்ப் போட்டால் பல குழந்தைகளால் தாங்கவே முடியாது. முன்பே வாங்கித் துவைத்து, லேபிளை வெட்டிவிட்டு, வீட்டில் குளிக்கும்போது போட்டுப் பழக்குங்கள்.

படி 2: நாளைப் பாருங்கள், போனில் பேசுங்கள்

சனி, ஞாயிறு வேண்டாம். பொங்கல் விடுமுறையும் காணும் பொங்கலும் கண்டிப்பாக வேண்டாம். ஏப்ரல், மே வெயில் நம் குழந்தைகளுக்கு இன்னொரு தொல்லை. வலிப்புக்கோ நடத்தைக்கோ மருந்து சாப்பிடுகிற குழந்தை என்றால், வெயிலில் ஏதாவது கவனிக்க வேண்டுமா, மின்னும் விளக்குள்ள ரைடு சரிப்படுமா என்று மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். சில மருந்துகள் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். வார நாளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: பள்ளிச் சுற்றுலா பஸ்கள். நீங்கள் நினைத்திருக்கும் தேதியில் எத்தனை பள்ளிக் குழுக்கள் வருகின்றன என்று பூங்காவுக்கே போன் செய்து கேளுங்கள்.

என்ன பேசுவது என்று தயங்குகிறவர்களுக்கு: "என் மகனுக்கு ஒன்பது வயசு, ஆட்டிசம் இருக்கு. கூட்டத்துல ரொம்ப நேரம் நிக்க முடியாது. மாற்றுத்திறனாளி அட்டை இருக்கு. நாங்க ரெண்டு பேர் கூட வருவோம். வரிசைக்கு என்ன ஏற்பாடு செய்வீங்க?" இவ்வளவு போதும். பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவனுக்கான சாப்பாட்டை உள்ளே கொண்டு வரலாமா? வெளி உணவு பல பூங்காக்களில் கூடாது. இரண்டே வகை உணவு சாப்பிடுகிற குழந்தைக்கு விதிவிலக்கு உண்டா என்று கேட்டு, பதில் சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் வேண்டும்? அம்மாவும் மகனும் சேர்ந்து போகக்கூடிய கழிவறை இருக்கிறதா? பத்து வயதுப் பையனை ஆண்கள் கழிவறைக்குத் தனியே அனுப்பவும் முடியாமல், பெண்கள் பக்கம் அழைத்துப் போகவும் முடியாமல் வாசலில் தவிக்கிற அம்மாக்களை நான் அறிவேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும்.

வரிசை பற்றி இன்னும் கொஞ்சம். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களில், ஆட்டிசம் போன்ற காரணத்தால் வரிசையில் நிற்க முடியாதவர்கள் முறைக்கான நேரத்தை மட்டும் பதிந்துகொண்டு வேறு இடத்தில் காத்திருந்து வரலாம். பென்சில்வேனியாவில் செசமி பிளேஸ் என்ற பூங்கா, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 2018இலேயே ஆட்டிசத்துக்கான சான்றிதழ் வாங்கியது. இங்கே அப்படி ஒரு பெயரோடு ஏற்பாடு இல்லாவிட்டாலும், அதே யோசனையைச் சாதாரணமாகக் கேட்கலாம்: "அப்பா வரிசையில நிக்கட்டும், நானும் பையனும் நிழல்ல இருக்கோம், முறை வரும்போது வந்து சேர்ந்துக்கறோம். சரியா?" வாயிலில் இருப்பவர் முடியாது என்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இதைச் சலுகையாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் இந்தப் பயணத்தைச் சாக்காக வைத்தாவது விண்ணப்பித்துவிடுங்கள். அது கைக்கு வரும்வரை மருத்துவச் சான்றின் நகல் இருக்கட்டும்.

படி 3: படங்களால் ஒரு கதை

கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோஷியல் ஸ்டோரி முறையை நம் ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் (சிறப்புக் கல்வி ஆசிரியர்கள்) பலரும் பயன்படுத்துகிறார்கள். வரப்போகும் சூழ்நிலையை, குழந்தையின் பார்வையில், சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லும் கதை அது. வீட்டிலேயே செய்யலாம். பூங்காவின் இணையதளத்திலிருந்து வாயில், டிக்கெட் கவுண்டர், கைப்பட்டை, ரைடு, சாப்பிடும் இடம் இவற்றின் படங்களை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். "காரில் போவோம். வாசலில் ஒரு மாமா பையைத் திறந்து பார்ப்பார். கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிடலாம்."

நடக்காமல் போகக்கூடியதையும் கதையிலேயே சேர்த்துவிடுங்கள். "சில சமயம் ரைடு ஓடாது. அப்போது வேறு ரைடுக்குப் போவோம்." பொம்மை வேடம் போட்டவர்கள் கை கொடுக்க வருவார்கள் என்பதையும் எழுதுங்கள். வி.ஜி.பி. என்றாலே நினைவுக்கு வரும் சிலை மனிதரைப் போல அசையாமல் நிற்கும் ஆள், முன்பே சொல்லாவிட்டால், ஒரு குழந்தையை நாள் முழுக்கக் குழப்பிவிடலாம். கடைசிப் பக்கம் கட்டாயம் வீடு திரும்பும் படமாக இருக்கட்டும். குழந்தைக்குத் தொடக்கம் தெரிவது எவ்வளவு முக்கியமோ, முடிவு தெரிவதும் அவ்வளவு முக்கியம்.

யூடியூபில் ரைடில் உட்கார்ந்தபடி எடுத்த வீடியோக்கள் கிடைக்கும். முதலில் சத்தமில்லாமல் போட்டுக் காட்டுங்கள். பிறகு மெல்லச் சத்தத்தைக் கூட்டுங்கள்.

படி 4: பக்கத்திலேயே ஒத்திகை

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் வேண்டும். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பயன் குறைவு.

நமக்கு நல்ல இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கடலூர்–புதுச்சேரி சாலையில் இருக்கும் சுண்ணாம்பாறு படகு இல்லம் ஒரு தீம் பார்க்கின் குட்டி வடிவம் என்றே சொல்வேன். டிக்கெட் வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்ட வேண்டும், ஆடும் படகில் ஏற வேண்டும், நேரம் முடிந்ததும் இறங்க வேண்டும். ராட்டினத்தில் வரும் எல்லாமே இதில் உண்டு, சத்தம் மட்டும் குறைவு. கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வார நாளில் வெயில் தாழ்ந்ததும் போய்ச் சின்ன ராட்டினங்களில் தொடங்கலாம். கூட்டத்துக்குப் பழக்க, புதுச்சேரிக் கடற்கரைச் சாலை நல்லது. மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் ஹாரன் சத்தம் இல்லாமல் கூட்டத்தை மட்டும் பழக்கலாம்.

காத்திருப்பதைத் தனியாகப் பழக்க வேண்டும். ஒரு சிறிய அட்டையில் "காத்திரு" என்று எழுதி, பேக்கரி வரிசையில் நிற்கும்போது குழந்தை கையில் கொடுங்கள். முறை வந்ததும் அட்டையை வாங்கிக்கொண்டு பப்ஸைக் கொடுங்கள். முதலில் ஒரே நிமிடம். மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நேரம் காட்டும் மணல் கடிகாரமோ போன் டைமரோ உதவும். காத்திருந்தால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று குழந்தை நம்ப வேண்டும். அதனால் ஒத்திகையில் ஒரு தடவைகூட ஏமாற்றாதீர்கள்.

காதை மூடும் ஹெட்ஃபோனையும் இதே நாட்களில் பழக்குங்கள். வேகமான ரைடுகளில் அதைக் கழற்றச் சொல்வார்கள் என்பதால், காதுக்குள் வைக்கும் பஞ்சு அடைப்பானும் பழக்கத்தில் இருந்தால் நல்லது.

படி 5: பை

பழகிய தின்பண்டம், தண்ணீர், ஹெட்ஃபோன், தொப்பி, கையில் வைத்து உருட்டும் பொருள், இரண்டு செட் மாற்றுத்துணி, ஈரத்துணிக்கு ஒரு பை, பவர் பேங்க், மாற்றுத்திறனாளி அட்டையின் நகல், வேளை மருந்து. பேச்சுக்குப் படமோ டேப்லெட்டோ பயன்படுத்தும் குழந்தை என்றால், தண்ணீர் பட்டாலும் கெடாதபடி லேமினேட் செய்த படத்தாள் ஒன்று. "வலிக்குது", "சத்தம்", "பாத்ரூம்", "போதும்", "வீட்டுக்கு" ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும்.

படி 6: சாலையில்

கடலூரிலிருந்து மாமல்லபுரம் வரை சுமார் 120 கிலோமீட்டர். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மரக்காணத்தை ஒட்டி ஒரு இடத்திலும், கல்பாக்கம் தாண்டி இன்னொரு இடத்திலும் நிறுத்தலாம். முதல் நாளே போய் ஓட்டலில் தங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. புது அறையில் சரியாகத் தூங்காத குழந்தை மறுநாள் எதையும் தாங்காது. பாட்டி, சித்தப்பா குடும்பம் என்று பெரிய வேனில் போவதையும் முதல் தடவை தவிர்த்துவிடுங்கள். குழந்தைக்குப் போதும் என்றாலும் மற்றவர்களுக்காக நிற்க வேண்டியிருக்கும், அந்த நெருக்கடி உங்களுக்கு வேண்டாம். அண்ணனோ தங்கையோ இருந்தால் இரண்டு பெரியவர்கள் கட்டாயம். ஒருவர் வெளியே வந்தாலும் இன்னொரு குழந்தையின் நாள் பாதியில் நிற்கக் கூடாது.

படி 7: உள்ளே போனதும்

வாயிலுக்கு வெளியே குழந்தையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று என்ன உடை என்பது பதற்றத்தில் மறந்துவிடும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை, மணிக்கட்டில் உங்கள் போன் எண். முதல் வேலை ரைடு இல்லை, அமைதியான மூலை ஒன்றைக் கண்டுபிடிப்பது. மரநிழல், முதலுதவி அறை, ஆளில்லாத பெஞ்ச், எதுவானாலும் சரி. அதைக் குழந்தைக்கும் காட்டி, "கஷ்டமா இருந்தா இங்க வரலாம்" என்று சொல்லுங்கள். அப்புறம் கதையில் உள்ள முதல் ரைடு. குழந்தை ஏற மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், நின்று பார்க்கட்டும். பார்ப்பதும் பங்கெடுப்பதுதான்.

தண்ணீர் பக்கம் மிகுந்த கவனம் வேண்டும். சொல்லாமல் நழுவிப் போவது ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் அதிகம், அப்படிப் போகிறவர்கள் பலர் தண்ணீரைத் தேடித்தான் போவார்கள். ஆகவே "நான் பார்த்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் பொறுப்பைக் கைமாற்ற வேண்டும். கணவர் பார்ப்பார் என்று மனைவியும், மனைவி பார்ப்பாள் என்று கணவரும் நினைக்கிற அரை நிமிடம் போதும். காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டியது குளங்களின் பக்கம். இன்னொருவர் அதே நேரம் பாதுகாவலரிடம் போட்டோவைக் காட்டட்டும்.

படி 8: தாங்க முடியாமல் போனால்

காதைப் பொத்துவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, கையை வேகமாக உதறுவது, திடீரென்று மிகவும் அமைதியாகிவிடுவது. உங்கள் குழந்தையின் அடையாளம் உங்களுக்குத் தெரியும். அது தெரிந்த உடனே நகர்ந்துவிடுங்கள். "இந்த ஒரு ரைடு முடியட்டும்" வேண்டாம்.

அதையும் மீறி மெல்ட்டவுன் வந்துவிட்டால் அது அடம் இல்லை, மூளைக்கு வந்து சேர்ந்த பாரம் தாங்காமல் போவது. அந்த நேரத்தில் அறிவுரையும் கேள்வியும் பாரத்தைக் கூட்டும். பேச்சைக் குறையுங்கள். கூட்டத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். இறுக்கி அணைத்தால் அமைதியாகிற குழந்தையை அணையுங்கள், தொடக்கூடாத குழந்தையைத் தொடாமல் பக்கத்தில் இருங்கள். சுற்றி நிற்பவர்களிடம் கொடுக்க ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: "என் குழந்தைக்கு ஆட்டிசம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவான். இடம் விட்டால் பெரிய உதவி. வீடியோ எடுக்க வேண்டாம்." உங்கள் வாயால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகும்.

படி 9: கிளம்புவது

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கிளம்ப வேண்டும். பத்து நிமிடம், ஐந்து நிமிடம், கடைசி ஒன்று என்று முன்னறிவிப்பு கொடுங்கள், கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுங்கள். கைப்பட்டையை வெட்டுவதாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் அதைச் செய்துவிடுங்கள். மறுநாள் பள்ளியோ தெரபியோ வேண்டாம், களைப்பு ஒரு நாள் தள்ளித்தான் பல குழந்தைகளிடம் தெரியும். முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, எந்த ரைடு பிடித்தது, எத்தனை நிமிடம் காத்திருந்தான், எந்தச் சத்தத்தில் நகர்ந்தான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தெரபி டீச்சருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.